கத்தி பிடித்தவனும் காவல் நின்றவனும்

வழிப்பறி வழக்கில் மூன்று வாலிபர்கள் கைது என்று பத்திரிகையில் நான்கு வரிச் செய்தி வருகிறது. "கத்தியைக் காட்டி மிரட்டி" என்ற சொற்கள் அதில் தவறாமல் இருக்கும். "இவர்களைச் சும்மா விடக் கூடாது" என்று சொல்லிவிட்டு நாம் அடுத்த பக்கத்தைத் திருப்புகிறோம். கத்தி மூன்று பேர் கையிலும் இருந்ததா, ஒருவன் கையில் மட்டும் இருந்ததா என்று யாரும் கேட்பதில்லை.

கேட்க வேண்டிய கேள்வி அதுதான். ஏனென்றால் ஒருவன் ஏழு ஆண்டு உள்ளே இருப்பதும், இரண்டு ஆண்டில் வீடு திரும்புவதும் அந்தப் பதிலில்தான் அடங்கியிருக்கிறது.

பழைய இந்தியத் தண்டனைச் சட்டம், அதாவது நாம் இ.பி.கோ. என்று சொல்லிப் பழகியது, 1860-ல் எழுதப்பட்டது. 1-7-2024 முதல் அதன் இடத்தில் பாரதீய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. எண்கள் மாறினவே தவிர, கொள்ளையைப் பற்றிய சங்கதி பெரும்பாலும் அப்படியேதான் இருக்கிறது. பழைய 392 இப்போது 309-க்குள் போயிருக்கிறது. பழைய 395, கூட்டுக் கொள்ளை, இப்போது 310. எல்லோரும் பயப்படுகிற பழைய 397, இப்போது 311.

திருட்டு வேறு, கொள்ளை வேறு. பையிலிருந்து பர்சை எடுப்பது திருட்டு. எடுப்பதற்காகவோ, எடுத்ததைக் கொண்டு ஓடுவதற்காகவோ அடித்தாலும், மறித்தாலும், உயிர்ப் பயம் காட்டினாலும் அது கொள்ளை. "அதற்காக" என்ற ஒரு சொல்லில் சட்டம் நோக்கத்தைக் கட்டிப் போட்டிருக்கிறது. இரண்டு பேர் குடித்துவிட்டுச் சண்டை போட்டார்கள், ஒருவன் கீழே விழுந்தான், மற்றவன் போகிற போக்கில் அவன் கைக்கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டான். இங்கே அடியும் இருக்கிறது, திருட்டும் இருக்கிறது. ஆனால் அடித்தது கடிகாரத்துக்காக அல்ல. ஆகவே இரண்டு குற்றங்கள் உண்டு, கொள்ளை என்று சொல்ல இடமில்லை. மனதில் என்ன இருந்தது என்று பார்க்காமல் கையில் என்ன இருந்தது என்று மட்டும் பார்த்தால் இந்த வித்தியாசம் தெரியாது.

புதுச் சட்டத்தில் 304 என்று ஒரு புதுப் பிரிவும் வந்திருக்கிறது. திடீரென்று பிடுங்கிக்கொண்டு ஓடுவதற்கென்றே போட்ட பிரிவு அது. அதிகபட்சம் மூன்று ஆண்டு. சங்கிலி அறுப்பு, செல்போன் பறிப்பு இவையெல்லாம் இதில் அடங்கும். அதே பறிப்பில் ஒருவன் கத்தியைக் காட்டினால் 311-ல் போய் விழுகிறான். அதில் குறைந்தபட்சமே ஏழு ஆண்டு. மூன்று ஆண்டு என்பது ஒன்றின் உச்சவரம்பு, ஏழு ஆண்டு என்பது மற்றொன்றின் தரைமட்டம்! எந்தப் பிரிவைப் போலீசார் எழுதுகிறார்கள் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று இதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

"அந்தக் குற்றவாளி" யார்?

பழைய 397 சொல்வது இதுதான். கொள்ளையோ கூட்டுக் கொள்ளையோ நடக்கும்போது குற்றவாளி கொடிய ஆயுதத்தை உபயோகித்தால், அல்லது யாருக்காவது கொடுங்காயம் விளைவித்தால், அல்லது கொல்லவோ கொடுங்காயப்படுத்தவோ முயன்றால், "அந்தக் குற்றவாளிக்கு" ஏழு ஆண்டுக்குக் குறையாத சிறை.

மூன்று பேர் ஒரு மோட்டார் சைக்கிளில் போனார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவன் வண்டியை நிறுத்திவிட்டு அதிலேயே உட்கார்ந்திருந்தான். ஒருவன் தெருமுனையில் நின்று ஆள் வருகிறதா என்று பார்த்தான். மூன்றாமவன் கத்தியை நீட்டிச் சம்பளப் பணத்தைப் பறித்தான். இந்த வாக்கியத்தில் வருகிற "குற்றவாளி" ஒருவனா, மூவருமா?

1975-ல் டில்லியிலிருந்து வந்த ஒரு வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு இதற்குப் பதில் சொல்லிவிட்டது. ஆயுதத்தை உபயோகித்தவன் மட்டுமே அந்தக் குற்றவாளி. மற்றவர்களுக்கு 392 உண்டு, 397 கிடையாது. அதே தீர்ப்பில் இன்னொன்றும் சொன்னார்கள். உபயோகிப்பது என்றால் குத்த வேண்டும், வெட்ட வேண்டும் என்பதில்லை. எதிரில் இருப்பவன் கண்ணில் படும்படி கையில் பிடித்து அவனை நடுங்க வைத்தாலே போதும். நியாயமான தீர்ப்பு. டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்து பணம் எண்ணுகிற எங்களைப் போன்ற குமாஸ்தாக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கத்தி உடம்பில் இறங்கினால்தான் பயம் வரும் என்று யாராவது சொன்னால் அவர் கத்தியை எதிரில் பார்த்ததில்லை என்று அர்த்தம்.

2007-ல் சுப்ரீம் கோர்ட்டு இதையே மறுபடி சொன்னது. 2021 டிசம்பரில் மத்தியப் பிரதேசத்து வழக்கு ஒன்றில் மூன்றாம் முறையும் சொல்ல வேண்டி வந்தது. ஆயுதம் இடுப்பில் இருந்தால் மட்டும் போதாது, அதை வெளியே எடுத்துக் காட்டியிருக்க வேண்டும், காட்டியவனுக்குத்தான் ஏழு ஆண்டு என்று அதில் தெளிவாக இருக்கிறது. ஐம்பது ஆண்டுக்குள் ஒரே விஷயத்தை இத்தனை தடவை சொல்ல வேண்டி வந்தது என்றால், கீழே போலீஸ் ஸ்டேஷனிலும் விசாரணைக் கோர்ட்டிலும் அது இன்னும் முழுதாக இறங்கவில்லை என்றுதானே பொருள்? ஒரே எப்.ஐ.ஆரில் எல்லா எதிரிகளின் பெயருக்கும் நேரே அந்த எண்ணை எழுதிவிட்டால், பிறகு அதை எடுப்பதற்குச் சுப்ரீம் கோர்ட்டு வரை போக வேண்டியிருக்கிறது. அதற்குள் பாதித் தண்டனை கழிந்துவிடும்.

அந்த எண் சேர்ந்தால் ஏழு ஆண்டு மட்டுமா? 392-ஐ மாஜிஸ்திரேட்டே விசாரித்து முடிக்கலாம். 397 வந்தால் கேஸ் செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போகிறது. ஜாமீன் கேட்டால் மாஜிஸ்திரேட் தயங்குவார். வக்கீல் செலவு ஏறும். ஆர்தர் ரோடு ஜெயிலுக்கு மனு போட்டுப் பார்க்கப் போகிற தாயாருக்கு ஒரு நாள் கூலி போகும்.

இப்படிச் சொன்னதும், "அப்படியானால் காவல் நின்றவன் தப்பித்துக்கொள்ளலாமா?" என்று கேட்பார்கள். தப்ப முடியாது. கூட்டு எண்ணத்தைப் பற்றிச் சட்டத்தில் தனிப் பிரிவே இருக்கிறது. பழைய 34, இப்போது 3(5). பலர் ஒரே எண்ணத்தோடு ஒரு காரியத்தைச் செய்தால், ஒவ்வொருவரும் தானே அதை முழுதும் செய்தது போலப் பொறுப்பாளி.

கல்கத்தா தபால் ஆபீஸ்

இந்த 34-ஐப் பற்றிப் பேசும்போது வக்கீல்கள் இன்றும் எடுத்துக்காட்டுகிற வழக்கு ஒன்று உண்டு. 1923 ஆகஸ்டில் கல்கத்தா சங்கரிதோலா தபால் ஆபீசில் நடந்தது. போஸ்ட்மாஸ்டர் பின்கட்டு அறையில் உட்கார்ந்து பணம் எண்ணிக்கொண்டிருந்தார். சிலர் துப்பாக்கியோடு வந்து பணத்தைக் கொடு என்றார்கள். சுட்டார்கள். அவர் இறந்தார். வந்தவர்கள் பணத்தை எடுக்காமலே திசைக்கொருவராக ஓடினார்கள். ஒருவர் மட்டும் கைத்துப்பாக்கியோடு பிடிபட்டார். பரேந்திர குமார் கோஷ் என்பது அவர் பெயர். தாம் வெளியே முற்றத்தில்தான் நின்றதாகவும், பயந்துபோய் நின்றதாகவும் அவர் வாதாடினார்.

பிரிவி கவுன்சில் 1924-ல் அப்பீலைத் தள்ளுபடி செய்தது. லார்டு சம்னர் எழுதிய தீர்ப்பு அது. வாசலில் காத்து நிற்பதும் ஒரு காரியந்தான், உள்ளே நடப்பதற்குத் துணையாகத்தான் ஒருவன் வெளியே நிற்கிறான் என்பது அதன் சாரம். சட்டம் என்ற அளவில் இதில் தவறு சொல்ல முடியாது. காவல் நின்றவன் நிரபராதி அல்ல.

ஆனால் கூட்டு எண்ணம் இருந்ததா என்பதை நிரூபிக்க வேண்டும். ஒரே இடத்தில் நின்றார்கள் என்பதே நிரூபணம் ஆகிவிடாது. இதையும் அதே பிரிவி கவுன்சில்தான் 1945-ல் சொன்னது. சிந்து நதிக்கரையில் நாணல் அறுக்கப் போன இடத்தில் நடந்த துப்பாக்கிச் சூடு பற்றிய வழக்கு அது. இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி எண்ணம் இருக்கலாம், ஆனால் முன்கூட்டிப் பேசி ஒன்றுபட்ட எண்ணம் என்பது வேறு என்று பிரித்துக் காட்டி, கொலைத் தண்டனையை ரத்து செய்தார்கள். நண்பன் "வாடா, ஒரு சுற்றுப் போய் வரலாம்" என்று கூப்பிட்டதும் பின்னால் ஏறி உட்கார்ந்த பையனுக்கும், காலையிலிருந்தே திட்டம் போட்டவனுக்கும் உள்ள வித்தியாசம் அதுதான். "பையன் நல்லவன், சேர்க்கை சரியில்லை, அண்ணாச்சி" என்று நம்மவர்கள் சொல்வதில் பாதி தகப்பனின் பாசம். மீதிப் பாதி சட்டத்திலும் இடம் உள்ள வாதம். வக்கீலுக்கு அதை எடுத்துச் சொல்லத் தெரிய வேண்டும்.

ஆக, சட்டம் ஏற்கெனவே நீளமான கயிற்றைத்தான் கையில் வைத்திருக்கிறது. காவல் நின்றவனுக்கு 392-ஐ 34-உடன் சேர்த்துப் பத்து ஆண்டு வரை கொடுக்கலாம். நெடுஞ்சாலையில் இரவில் நடந்தால் பதினான்கு வரை. கொள்ளையில் யாருக்காவது காயம் பட்டால் பழைய 394 இருக்கிறது. அதில் காயப்படுத்தியவன் மட்டுமல்ல, கூட இருந்தவனும் ஆயுள் வரை போகலாம். ஐந்து பேர் சேர்ந்துவிட்டால் கூட்டுக் கொள்ளை. அதற்கும் ஆயுள் வரை உண்டு. அந்த ஐவரில் ஒருவன் கொலை செய்தால் ஐந்து பேருக்கும் தூக்கு வரை சட்டம் இடம் தருகிறது. நான்குக்கும் ஐந்துக்கும் நடுவே இவ்வளவு பெரிய பள்ளம். ஐந்தாவது பெயர் ஒன்று எப்.ஐ.ஆரில் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டியது எதிர்த்தரப்பு வக்கீலின் முதல் வேலை.

இவ்வளவுக்கும் நீதிபதிக்குக் கை அகலம் உண்டு. பத்து வரை என்றால் இரண்டும் கொடுக்கலாம், எட்டும் கொடுக்கலாம். ஆளைப் பார்த்து, அவன் செய்ததைப் பார்த்துக் கொடுக்கலாம். 397-ல்தான் அந்தக் கை கட்டப்பட்டிருக்கிறது.

ஒரு விநோதத்தைப் பாருங்கள். ஒருவன் வெறுங்கையால் ஒரு தொழிலாளியை முகம் வீங்க அடித்துப் பணத்தைப் பறிக்கிறான். பல் விழவில்லை, எலும்பு முறியவில்லை. சட்டத்தின் கணக்கில் அது சாதாரணக் காயம். நீதிபதி ஓராண்டும் கொடுக்கலாம். இன்னொருவன், பத்தொன்பது வயது, முதல் குற்றம், கத்தியைக் காட்டினான், யாரையும் தொடவில்லை, பிடிபட்டதும் பணத்தையும் கொடுத்துவிட்டான். ஏழு ஆண்டுக்குக் கீழே ஒரு நாள் குறைக்க வழியில்லை. சட்டம் குறித்த குறைந்தபட்சத்துக்குக் கீழே போகக் கோர்ட்டுகளுக்கு அதிகாரமில்லை என்று சுப்ரீம் கோர்ட்டு 2019-ல் வேறொரு வழக்கில் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது.

இங்கேதான் அரசியல் சட்டம் வருகிறது. 1983-ல் மிட்டு வழக்கு என்று ஒன்று. ஆயுள் தண்டனைக் கைதி கொலை செய்தால் தூக்கு ஒன்றே தண்டனை என்று பழைய சட்டத்தின் 303-வது பிரிவு சொன்னது. பிரதம நீதிபதி ஒய்.வி. சந்திரசூட் உள்ளிட்ட ஐந்து நீதிபதிகள் அந்தப் பிரிவையே செல்லாது என்று அடித்துவிட்டார்கள். குற்றத்தின் சூழ்நிலையைப் பார்க்கவே கூடாது என்று நீதிபதியின் கண்ணைக் கட்டுகிற சட்டம் 14-வது ஷரத்துக்கும் 21-வது ஷரத்துக்கும் விரோதம் என்றார்கள். அது தூக்குத் தண்டனை விவகாரம், ஏழு ஆண்டுச் சிறைக்கு அப்படியே பொருந்தாது என்று சர்க்கார் வக்கீல்கள் சொல்வார்கள். உண்மைதான். குறைந்தபட்சத் தண்டனை என்பதே செல்லாது என்று யாரும் தீர்ப்பளிக்கவில்லை. ஆனால் கண்ணைக் கட்டுவது தவறு என்ற கருத்து, கயிற்றுக்கு மட்டும் பொருந்தி, இருபது வயதில் ஏழு ஆண்டைப் பறிப்பதற்குக் கொஞ்சமும் பொருந்தாது என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

2023-ல் பாராளுமன்றம் சட்டத்தைப் புதிதாக எழுதியது. 311-ல் ஒரு வரி சேர்த்திருக்கலாம். "தனிப்பட்ட காரணங்களை எழுதி வைத்து ஏழுக்குக் குறைவாகவும் கொடுக்கலாம்" என்று. இப்படிப்பட்ட வரி நம் சட்டத்துக்குப் புதிதல்ல. கற்பழிப்புப் பிரிவில் 1983 முதல் 2013 வரை இருந்தது. அதைச் சிலர் கண்டபடி உபயோகித்துச் சொற்பத் தண்டனை கொடுத்தார்கள் என்று கண்டனம் எழுந்து, 2013-ல் எடுத்துவிட்டார்கள். எடுத்தது சரியே. அந்தக் குற்றத்தில் இரக்கத்துக்கு இடமில்லை. அந்த அனுபவத்தையும் மனதில் வைத்துத்தான் சொல்கிறேன்: முதல் குற்றமாக இருக்க வேண்டும், யாருக்கும் காயம் இருக்கக் கூடாது, காரணத்தை நீதிபதி எழுத வேண்டும், அப்பீல் கோர்ட்டு அதைப் பார்க்க வேண்டும். இத்தனை வேலி போட்டு அந்தக் கதவைத் திறந்து வைத்தால் குடி முழுகிப் போகாது.

வயது பதினேழானால்

நம் குடியிருப்புகளில் அதிகம் பேருக்குத் தெரியாத ஒன்றையும் சொல்ல வேண்டும். 2015-ம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டப்படி, பதினாறு நிறைந்து பதினெட்டு நிறையாத பையன் "கொடிய குற்றம்" செய்ததாகச் சொல்லப்பட்டால், சிறார் வாரியம் அவன் மனநிலையை ஆராய்ந்து, பெரியவர்களைப் போல் விசாரிக்க அனுப்பலாம். கொடிய குற்றம் எது? குறைந்தபட்சத் தண்டனை ஏழு ஆண்டோ அதற்கு மேலோ உள்ள குற்றம். குறைந்தபட்சம் என்று ஒன்றே இல்லாத குற்றங்கள், அதிகபட்சம் எவ்வளவு இருந்தாலும், இதில் சேராது என்று 2020-ல் சுப்ரீம் கோர்ட்டு தெளிவுபடுத்தியது.

இப்போது கணக்குப் போடுங்கள். 392-ல் குறைந்தபட்சம் கிடையாது. 397-ல், இன்றைய 311-ல், சரியாக ஏழு. வண்டியில் உட்கார்ந்திருந்த பதினேழு வயதுப் பையன் பெயருக்கு நேரே அந்த எண்ணைத் தவறாக எழுதினால், அவன் பெரியவர்கள் விசாரணைக்குப் போகிற வாசலில் கொண்டுபோய் நிறுத்தப்படுகிறான். எழுதாவிட்டால் சிறார் சட்டத்தின் பாதுகாப்பிலேயே இருப்பான். பள்ளிச் சான்றிதழில் பிறந்த தேதி ஒழுங்காக இருக்கட்டும் என்று ஊரிலிருந்து வருகிறவர்களிடம் நான் சொல்வதற்கு வேலைவாய்ப்பு மட்டுமே காரணம் அல்ல.

புரியாத பாஷையில் ஒரு விசாரணை

மும்பையில் எப்.ஐ.ஆர். மராத்தியில். பஞ்சநாமா மராத்தியில். சாட்சி இந்தியில் பேசுவார், வக்கீல்கள் ஆங்கிலமும் மராத்தியும் கலந்து பேசுவார்கள். தாராவியிலேயே பிறந்து வளர்ந்த பையன்களுக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. ஆறு மாதத்துக்கு முன் திருநெல்வேலியிலிருந்து வந்து இட்லிக் கடையில் நிற்கிற பையனுக்கு? "கையெழுத்துப் போடு" என்பது மட்டும்தான் புரியும்.

மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த வழக்கு ஒன்றில் 1962-லேயே சுப்ரீம் கோர்ட்டு சொன்னது: தடுப்புக் காவலில் வைக்கப்பட்டவருக்கு ஆங்கிலம் தெரியாது, காரணங்களை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வாயால் மொழிபெயர்த்தது போதாது, அவருக்குப் புரிகிற மொழியில் கொடுத்திருக்க வேண்டும் என்று. 2025 நவம்பரில், மும்பையிலிருந்து போன இன்னொரு வழக்கில், எந்தக் குற்றமானாலும் கைதுக்கான காரணத்தை எழுத்தில், கைதானவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்று 22-வது ஷரத்தை விரித்துச் சொன்னார்கள். சாட்சியம் எதிரிக்குப் புரியாத மொழியில் இருந்தால் திறந்த கோர்ட்டில் அவனுக்குப் புரிகிற மொழியில் பெயர்த்துச் சொல்ல வேண்டும் என்று நடைமுறைச் சட்டத்தில் பழைய 279-வது பிரிவில் இருந்தது. புதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 314 அதுதான்.

கேட்டால்தான் இதெல்லாம் கிடைக்கும். "எனக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும்" என்று மாஜிஸ்திரேட்டிடம் முதல் நாளே சொல்ல வேண்டும். வெட்கப்பட்டுத் தலையை ஆட்டிவிட்டால், எல்லாம் புரிந்ததாகப் பதிவாகிவிடும். கொள்ளை வழக்கில் யார் கையில் கத்தி இருந்தது என்று சாட்சி சொல்கிற அந்த ஒரு வாக்கியம் பையனுக்குப் புரியாமல் போனால், அவன் வக்கீலிடம், "இல்லை ஐயா, நான் வண்டியை விட்டு இறங்கவே இல்லை" என்று எப்போது சொல்வான்?

இன்னொரு உரிமை பெரும்பாலும் வீணாகப் போகிறது. குற்றவாளி என்று தீர்ப்புச் சொன்ன பிறகு, எவ்வளவு தண்டனை என்பதைப் பற்றி அவனைத் தனியாகக் கேட்க வேண்டும். 1973-ம் ஆண்டு நடைமுறைச் சட்டத்தில் 235-வது பிரிவாக வந்து, இப்போது 258-ஆக இருக்கிறது. 1976-ல் சாந்தா சிங் வழக்கில், கேட்காமலே தூக்குத் தண்டனை விதித்ததால், தண்டனையை ரத்து செய்து திருப்பி அனுப்பினார்கள். இது சம்பிரதாயக் கேள்வி அல்ல, வயது, குடும்பம், படிப்பு, வேலை, முந்தைய நடத்தை எல்லாவற்றையும் ஆதாரத்தோடு சொல்ல இடம் தர வேண்டும் என்றார்கள்.

நடப்பது என்ன? நீதிபதி, "ஏதாவது சொல்ல வேண்டுமா?" என்கிறார். எதிரி அழுகிறான். வக்கீல், "கருணை காட்ட வேண்டும்" என்று ஒரு வரி சொல்கிறார். அத்துடன் முடிந்தது. அன்றைக்கு மாமாவோ அண்ணனோ முதலாளியின் கடிதம், சம்பளச் சீட்டு, தாயாரின் ஆஸ்பத்திரிக் காகிதம், ரேஷன் கார்டு இவற்றைக் கையில் வைத்திருந்து வக்கீலிடம் கொடுத்தால் எவ்வளவோ உபயோகம். 392-ல் தண்டனை ஒன்றிலிருந்து பத்து வரை எங்கே நிற்கும் என்பதை அந்தக் காகிதங்கள் தீர்மானிக்கலாம். காவல் நின்றதற்கும் கத்தி நீட்டியதற்கும் உள்ள தூரத்தை அளக்க அந்த ஒரு மணி நேரந்தான் நீதிபதிக்குக் கிடைக்கிறது.

பணத்தைப் பறிகொடுத்தவரை மறந்துவிட்டு நான் எழுதுவதாக யாரும் நினைக்க வேண்டாம். மாதக் கடைசியில் சம்பளத்தோடு கல்யாணில் இறங்கிப் பாலத்தைத் தாண்டுவதற்குள் பணத்தைப் பறிகொடுத்தவரும் நம்மவர்தான். அவருக்கும் 21-வது ஷரத்து உண்டு. குற்றத்தால் பாதிக்கப்பட்டவருக்கு நஷ்டஈடு தரும் திட்டம் பழைய 357-ஏ பிரிவின் கீழ் 2009 முதல் சட்டத்தில் இருக்கிறது. புதிய சட்டத்தில் 396. அதைக் கேட்டு மனுச் செய்கிறவர்கள் எத்தனை பேர்? மூன்றாமவனையும் ஏழு ஆண்டு உள்ளே போடுவதால் பறிபோன சம்பளம் திரும்பி வராது. மனுப் போட்டால் ஒருவேளை ஒரு பகுதி வரலாம். கத்தியைக் காட்டியவனுக்கு ஏழு ஆண்டு என்பதில், அவன் பழைய குற்றவாளியாக இருந்தால், எனக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை. வண்டி ஓட்டினவனையும் அதே தராசில் வைப்பதில்தான் தகராறு. அதிலும் ஒரு ஆபத்து உண்டு. கத்தி எடுத்தாலும் ஏழு, எடுக்காவிட்டாலும் ஏழு என்றால், நாளைக்கு மூன்று பேரும் கத்தி எடுத்துக்கொண்டுதான் புறப்படுவார்கள்.

சட்டம் மாறிய தேதியும் முக்கியம். 1-7-2024-க்கு முன் நடந்த குற்றத்துக்குப் பழைய சட்டத் தண்டனைதான். 20-வது ஷரத்து அதற்குக் காவல். உதாரணமாக, கொலையோடு கூடிய கூட்டுக் கொள்ளைக்குத் தூக்கு, ஆயுள் தவிர, பத்து ஆண்டு வரை கடுங்காவல் என்று பழைய 396-ல் இருந்தது. புதிய 310-ல் பத்து ஆண்டுக்குக் குறையாத என்று எழுதியிருக்கிறார்கள். "வரை" என்பது "குறையாத" என்று ஆகிவிட்டது. குற்றப்பத்திரிகையில் எந்தத் தேதி, எந்தச் சட்டம் என்று வக்கீல் பார்த்தாரா என்பதை வீட்டார் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கேட்பதற்குச் சட்டப் படிப்பு வேண்டாம்.

வக்கீல் வைக்கப் பணமில்லை என்றால், காவலில் இருப்பவருக்கு வருமானம் எதுவானாலும் இலவச வக்கீல் உண்டு. 1987-ம் ஆண்டுச் சட்ட உதவி ஆணையச் சட்டத்தின் 12-வது பிரிவு அது. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்து விவரம் கேட்கலாம். சிறைத் தண்டனை விதித்த அன்றே தீர்ப்பின் நகலைக் கைதிக்கு இலவசமாகத் தர வேண்டும். செஷன்ஸ் கோர்ட்டுத் தீர்ப்பின் மேல் ஐகோர்ட்டுக்கு அப்பீல் செய்ய அறுபது நாள் அவகாசம். நகல் கைக்கு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது, கத்தியை வெளியே எடுத்தது யார் என்று எந்தச் சாட்சி சொன்னார், அதை நீதிபதி எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறார் என்பதை.